தளத்துக்குள் யார் பேச்சு எடுபடும்: பொறுப்பில் இருக்கும் கர்னலா, அங்கே குடியிருக்கும் ஜெனரலா?

#1 கதைக்காரன்

வணக்கம். தொடர்கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாடும் கற்பனை, ராணுவத் தளமும் கற்பனை. ஆனால் நடைமுறை மட்டும் கற்பனையாகிவிடக் கூடாது என்று பார்க்கிறேன். தளத்தின் கமாண்டர் ஒரு கர்னல். அதே வேலிக்குள் ஒரு டிவிஷனின் (பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) தலைமையகமும் இருக்கிறது. அதற்குத் தலைவர் மேஜர் ஜெனரல். ஓர் இரவு ஜெனரல் கர்னலைக் கூப்பிட்டு, "வடக்கு வாசல் காவலை எடுத்துவிடு, என் வண்டிகள் சோதனை இல்லாமல் போக வேண்டும்" என்கிறார். கர்னல் முடியாது என்கிறார்.

படித்த நண்பன் சிரிக்கிறான். கர்னல் எங்கேயாவது ஜெனரலிடம் முடியாது என்பானா, விடிவதற்குள் வேலை போய்விடாதா என்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், கேப்டன் என்பவர் ஒரு படையில் இளைஞராக இருக்கிறார், இன்னொரு படையில் தலை நரைத்த பெரிய மனிதராக இருக்கிறார். அது என்ன கணக்கு?

#2 மாஜி ஹவில்தார்

தம்பி, உங்கள் கர்னல் செய்தது சரிதான். ரேங்க் வேறு, பொறுப்பு வேறு. தோளில் இருப்பது ரேங்க். யார் யாருக்கு உத்தரவு போடலாம் என்பது நியமன ஆணையில் இருக்கும். மேஜர் ஜெனரலைப் பார்த்தால் கர்னல் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பார், "சார்" போடுவார். அது ரேங்குக்கு உரிய மரியாதை. ஆனால் காவலை எடு, வை என்று சொல்லும் அதிகாரம் அந்த மரியாதையோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

ஒரு ஆள் யாருடைய கட்டளைக்குக் கீழ் இருக்கிறான் என்று கண்டுபிடிக்க நாங்கள் மூன்று விஷயம் பார்ப்போம். அவனுக்கு லீவு கையெழுத்துப் போடுவது யார்? அவன் வேலையை மதிப்பிடும் ஆண்டு ரகசிய அறிக்கையை எழுதுவது யார்? தப்பு செய்தால் அவனைத் தண்டிக்கும் அதிகாரம் யாருக்கு? மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால் அவர்தான் அவனுடைய கமாண்டர். எதிரில் நான்கு நட்சத்திரத்தோடு வேறொருவர் வந்து நின்றாலும் அது மாறாது.

உங்கள் கர்னலின் அறிக்கையை அந்த ஜெனரல் எழுதுகிறாரா, இல்லை வேறொரு மேலதிகாரி எழுதுகிறாரா? அதை முடிவு செய்யாமல் அந்தக் காட்சியை எழுத முடியாது.

#3 வரைபடப் பித்தன்

பெரிய தளங்களில் இதை வீட்டுக்காரர், குடித்தனக்காரர் என்ற கணக்கிலேயே பேசுவார்கள். இடத்தைப் பராமரிப்பது ஒரு அமைப்பு. அங்கே தங்கி வேலை செய்வது பல அமைப்புகள். குடித்தனக்காரர் வீட்டுக்காரரைவிடப் பல படி உயர்ந்தவராக இருப்பது சர்வ சாதாரணம்.

அமெரிக்காவின் ஃபோர்ட் பிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் அமெரிக்கத் தரைப்படையின் ஃபோர்ஸ்காம் என்ற பெரும் கட்டளை அமைப்பின் தலைமையகம் அங்கே குடிபெயர்ந்தது. அப்போது அதன் தலைவர் நான்கு நட்சத்திர ஜெனரல். அங்கேயே இருக்கும் 18-வது வான்குடைக் கோரின் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும் படை) தலைவருக்கு மூன்று நட்சத்திரம். 82-வது வான்குடை டிவிஷனின் தலைவருக்கு இரண்டு, அதாவது மேஜர் ஜெனரல். சாலை, தண்ணீர், வீடு, தீயணைப்பு, வாசல் எல்லாவற்றையும் அன்றாடம் பார்ப்பவர் கேரிசன் கமாண்டர். அவர் ஒரு கர்னல். அந்தக் கர்னல் பதில் சொல்ல வேண்டியது 'சீனியர் கமாண்டர்' என்று நியமிக்கப்பட்டவருக்கு. யார் அந்த சீனியர் கமாண்டர் என்றால், நான்கு நட்சத்திரக்காரர் இல்லை, கோரின் தலைவரான மூன்று நட்சத்திரக்காரர்! வேலிக்குள் இருப்பவர்களில் யார் பெரிய ரேங்கோ அவரே தளத்துக்கும் தலைவர் என்று நினைத்தால் இங்கேயே உதைக்கும்.

கியூபாவில் அமெரிக்கா வைத்திருக்கும் குவாண்டனாமோவும் இதே கதைதான். கடற்படைத் தளத்துக்குத் தலைவர் ஒரு கடற்படை கேப்டன். சிறை முகாமை நடத்தும் கூட்டுப் பணிக்குழு அங்கே குடித்தனக்காரர். 2002 முதல் 2004 வரை அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு மேஜர் ஜெனரல். துறைமுகமும் ஓடுதளமும் கேப்டன் கையில், கைதிகள் விவகாரம் ஜெனரல் கையில். ஒருவர் மற்றவருக்கு உத்தரவு போட முடியாது, பேசித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட வேடிக்கை இங்கிலாந்தில். லேக்கன்ஹீத் தளத்தின் பெயர்ப் பலகையில் பிரிட்டிஷ் விமானப் படையின் பெயர். உள்ளே பறப்பதெல்லாம் அமெரிக்க 48-வது ஃபைட்டர் விங் என்ற போர் விமானப் பிரிவு. அதன் தலைவர் அமெரிக்க கர்னல். பிரிட்டிஷ் தரப்பில் 'தளக் கமாண்டர்' என்ற பெயரில் அங்கே இருப்பவர் ஒரு ஸ்குவாட்ரன் லீடர், அதாவது தரைப்படைக் கணக்கில் மேஜர். உள்ளூர்ச் சட்டம், அக்கம்பக்கத்து ஊராட்சி, பிரிட்டிஷ் அரசு என்று தொடர்பு பார்ப்பது அவர் வேலை. கர்னலுக்கு அவர் மேலதிகாரியும் இல்லை, கீழதிகாரியும் இல்லை.

#4 சந்தேகி

காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் மேஜர் ஜெனரல் ஒருவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்ன கர்னல் அடுத்த பதவி உயர்வைப் பார்ப்பாரா? தேர்வுக் குழுவில் உட்காருவது யார்? இதே ஜெனரலின் சகாக்கள். கதைக்காரரின் நண்பர் ஒன்றும் மடையர் இல்லை.

#5 மாஜி ஹவில்தார்

சந்தேகி அண்ணே, நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. அதனால்தான் யாரும் 'முடியாது' என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. நான் பார்த்தவரை பேச்சு இப்படிப் போகும்:

"சார், வாசல் காவல் ஏரியா தலைமையகத்தின் நிரந்தர உத்தரவுப்படி நிற்கிறது. நான் இப்போதே அங்கே டியூட்டி அதிகாரியிடம் பேசுகிறேன். உங்கள் உத்தரவை எழுத்தில் கொடுத்தால் அதையும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன்."

இதில் மறுப்பு ஒரு வார்த்தைகூட இல்லை, பாருங்கள். 'எழுத்தில்' என்று கேட்டதுமே பாதி உத்தரவுகள் அப்படியே கரைந்து போகும். மிச்சமுள்ளவை மேலே போகும். மேலே இருப்பவர் சரி என்றால் காவல் எடுக்கப்படும், பொறுப்பும் அவர் தலையில். உங்கள் கர்னல் மேஜையைக் குத்தி எழுந்து வசனம் பேசினால் எனக்கும் சிரிப்புதான் வரும். டெலிபோனை எடுத்தால் நம்புவேன்.

இன்னொன்று. ரேங்குக்கு மட்டும் ஒன்றுமே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். அடிதடி, கலவரம், ஒழுங்கீனம் கண்ணெதிரே நடந்தால் எந்தப் பிரிவுக்காரன் என்று பார்க்காமல் நிறுத்தும் அதிகாரம் ரேங்கோடு வரும். அமெரிக்க ராணுவச் சட்டத்தின் 7-வது பிரிவு அதை அதிகாரிகளுக்கு மட்டும் இல்லாமல் சார்ஜென்ட் வகையறாவுக்கும் தருகிறது. கேன்டீன் வாசலில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றால், "நீ என் யூனிட் இல்லையே" என்ற பேச்சுக்கே இடமில்லை.

#6 நீலக்கடல்

கேப்டன் விவகாரத்துக்கு வருகிறேன். தரைப்படை கேப்டன் கீழிருந்து இரண்டாவது, மூன்றாவது படி. பல நாடுகளில் நூறு, நூற்றைம்பது பேர் கொண்ட கம்பெனியை நடத்துவார். இந்தியாவில் அந்த இடம் மேஜருக்கு. கடற்படை கேப்டன் தரைப்படை கர்னலுக்குச் சமம். தரைப்படை கேப்டனுக்குச் சமமானவர் கடற்படையில் வெறும் லெப்டினன்ட். நேட்டோ நாடுகள் இந்தக் குழப்பத்துக்காகவே ஓ.எஃப்-1 முதல் ஓ.எஃப்-10 வரை ஒரு எண்வரிசை வைத்திருக்கின்றன. தரைப்படை கேப்டன் ஓ.எஃப்-2, கடற்படை கேப்டன் ஓ.எஃப்-5.

இதற்கு மேல் ஒரு சிக்கல். கடலில் 'கேப்டன்' என்பது ரேங்கும்கூட, பொறுப்பும்கூட. சின்னக் கப்பலுக்கு லெப்டினன்ட் கமாண்டர் தலைவராக இருந்தாலும் அந்தக் கப்பலில் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அட்மிரல் ஏறி வந்து உட்கார்ந்தாலும் கப்பலை ஓட்டுவது கேப்டன்தான். அட்மிரல் கப்பற்படை எங்கே போக வேண்டும் என்பார். சுக்கானை எவ்வளவு திருப்புவது என்பதில் தலையிட மாட்டார்.

1942 நவம்பர் 13 அதிகாலை, பசிபிக்கில் குவாடல்கனால் தீவு அருகே நடந்த சண்டையில் அமெரிக்கக் கப்பல் சான் ஃபிரான்சிஸ்கோவின் மேல்தளம் அடிவாங்கியது. ரியர் அட்மிரல் கேலகன் இறந்தார். கேப்டன் கேசின் யங் படுகாயமடைந்து பின்னர் இறந்தார். உயிரோடு மேலே நின்றவர் தகவல் தொடர்பு அதிகாரி மெக்கேண்ட்லஸ், ஒரு லெப்டினன்ட் கமாண்டர். அவரைவிட மூத்தவர் ஷோன்லேண்ட், அவரும் லெப்டினன்ட் கமாண்டர்தான். ஆனால் அவர் கீழ்த்தளத்தில் கப்பலுக்குள் புகுந்த தண்ணீரோடு போராடிக்கொண்டிருந்தார். முறைப்படி தலைமை ஷோன்லேண்டுக்கு வந்துவிட்டது. அவரோ, நீயே ஓட்டு என்று மெக்கேண்ட்லஸுக்குச் சொல்லிவிட்டு, கப்பல் கவிழாமல் பார்க்கும் வேலையிலேயே நின்றார். இரண்டு பேருக்கும் மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. மூத்தவர் மேலே ஓடி வந்து தலைமையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பொறுப்பு தன்னிடம், வேலை இன்னொருவரிடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

உபரியாக ஒன்று: 1804-ல் பிரிட்டிஷ் கடற்படை மார்ட்டினிக் தீவுக்கு அருகே டைமண்ட் ராக் என்ற ஒரு பாறையைப் பிடித்து, பீரங்கி ஏற்றி, அதையே ஒரு போர்க்கப்பலாகப் பதிவு செய்தது! கரையில் இருக்கும் கடற்படைத் தளங்களுக்குக் கப்பல் பெயர் வைக்கும் பழக்கம் இன்றைக்கும் உண்டு. அங்கே தளக் கமாண்டருக்கும் கப்பல் தலைவனுக்கு உள்ள அந்தஸ்துதான்.

#7 வானோடி

விமானப் படைப் பெயர்களை அப்படியே நம்பினால் கதை கந்தலாகிவிடும். பிரிவுகளில் விங் பெரியது, அதற்குள் ஸ்குவாட்ரன், அதற்குள் ஃப்ளைட். ஆனால் பிரிட்டிஷ் வழிப் படைகளில் விங் கமாண்டர் பொதுவாக நடத்துவது ஸ்குவாட்ரனை. ஸ்குவாட்ரன் லீடர் அதற்குள் ஒரு ஃப்ளைட்டைப் பார்ப்பார். அமெரிக்காவில் விங்கின் தலைவர் கர்னல், ஸ்குவாட்ரனின் தலைவர் லெப்டினன்ட் கர்னல். இந்திய விமானப் படைத் தளத்தில் தலைவர் குரூப் கேப்டனாக (கர்னலுக்குச் சமம்) இருந்தால் ஸ்டேஷன் கமாண்டர் என்பார்கள். அதற்கு அடுத்த படியான ஏர் கமோடோராக இருந்தால் ஏர் ஆஃபீசர் கமாண்டிங். வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

தளத்தில் ரேங்கை மீறி நடக்கும் இன்னொரு இடம் மருத்துவ அறை. குரூப் கேப்டனுக்குக் காதடைப்பு என்றால் அவர் இன்று பறக்கத் தகுதியில்லை என்று சீட்டு எழுதுவது அவரைவிட மூன்று படி கீழே உள்ள ஒரு ஃப்ளைட் லெப்டினன்ட் டாக்டராக இருக்கலாம். அவர் திட்டிக்கொண்டே வெளியே வருவார், ஆனால் பறக்க மாட்டார். விமானத்துக்குள்ளும் அப்படியே. பின்னால் ஏர் மார்ஷல் உட்கார்ந்திருந்தாலும், மேகத்தைச் சுற்றிப் போவதா திரும்பிவிடுவதா என்பது விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டின் முடிவு.

#8 சந்தேகி

சரி, இப்படி ஆளுக்கொரு பக்கம் அதிகாரத்தைப் பிரித்து வைத்தால் எதிரி வரும்போது என்ன செய்வார்கள்? குடித்தனக்காரர் கூட்டம் போட்டுப் பேசுவார்களா?

#9 வரைபடப் பித்தன்

நல்ல இடத்தில் கேட்டீர்கள். அப்படிப் பேசிக்கொண்டே இருந்துதான் 1941-ல் ஹவாய்த் தீவில் உள்ள பேர்ல் ஹார்பரில் அமெரிக்கர்கள் ஜப்பானிடம் அடி வாங்கினார்கள்.

அங்கே போர்க்கப்பல்கள் அட்மிரல் கிம்மல் கையில். துறைமுகத்தையும் தீவையும் காக்கும் பொறுப்பு தரைப்படையின் லெப்டினன்ட் ஜெனரல் ஷார்ட் கையில். தொலைதூரக் கண்காணிப்பு விமானங்கள் கடற்படைக்கு, ரேடார் தரைப்படைக்கு. இருவருக்கும் பொதுவாக ஹவாயில் ஒரு தலைவர் கிடையாது. 'பரஸ்பர ஒத்துழைப்பு' என்பதுதான் ஏற்பாடு. ஷார்ட் நாசவேலைக்குப் பயந்து விமானங்களை ஓடுதளத்தில் நெருக்கி நிறுத்தி வைத்தார், காவல் போட வசதி என்று. வானிலிருந்து குண்டு போட அதைவிட வசதி ஏது! டிசம்பர் 7 காலை 7 மணி வாக்கில் ஓப்பனா மலை ரேடாரில் இரண்டு சிப்பாய்கள் பெரிய கூட்டம் ஒன்று வருவதைப் பார்த்தார்கள். தகவல் மையத்தில் அந்நேரம் இருந்தவர் ஒரு லெப்டினன்ட். நம் விமானங்கள் வரவேண்டியது இருக்கிறது, கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் ஒரு கடற்படை அதிகாரி உட்கார்ந்திருந்தால் குறைந்தது ஒரு கேள்வியாவது எழுந்திருக்கும். அங்கே கடற்படை ஆள் யாரும் இல்லை. தாக்குதல் நடந்து பத்து நாளுக்குள் கிம்மலும் ஷார்ட்டும் நீக்கப்பட்டார்கள், ஹவாய் முழுவதும் கடற்படையின் ஒரே தலைமைக்குக் கீழ் வந்தது.

இலங்கையில் பிரிட்டிஷ்காரர்கள் அடி விழுவதற்கு முன்பே விழித்துக்கொண்டார்கள். சிங்கப்பூர் விழுந்த கையோடு, 1942 மார்ச்சில் வைஸ் அட்மிரல் லேட்டனை இலங்கையின் தலைமைத் தளபதியாக நியமித்தார்கள். முப்படையும் அவருக்குக் கீழ், சிவில் நிர்வாகமும் அவருக்குக் கீழ். ஆளுநர் கால்டெகாட்டும் அவர் சொல்லைக் கேட்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் 5-ல் கொழும்பும் 9-ல் திருகோணமலையும் தாக்கப்பட்டபோது உத்தரவு ஒரே இடத்திலிருந்து வந்தது. ஆனால் அப்போதும் கிழக்குக் கடற்படை அட்மிரல் சோமர்வில் கையில் தனியாகத்தான் இருந்தது. தளம் ஒருவருக்கு, தளத்துக்கு வந்து போகும் கப்பல்கள் இன்னொருவருக்கு. அந்தப் பிரிவினையை லேட்டனுக்காகக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

என் கருத்தைக் கேட்டால், அமைதிக் காலத்தில் குடித்தனக்கார ஏற்பாடு நல்லது. ஜெனரலுக்குத் தண்ணீர்க் குழாய்க் கவலை இருக்கக் கூடாது. ஆனால் தாக்குதல் வந்தால் தளப் பாதுகாப்பு யார் கையில் என்று ஒற்றைப் பெயர் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

#10 கதைக்காரன்

அருமை. இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, கர்னல் ஊரில் இல்லாத இரவில் தளம் யார் கையில்? இரண்டு, ஒரே ரேங்கில் இருவர் இருந்தால்? மூன்று, என் கர்னலுக்கு வயது 29 என்று வைத்திருக்கிறேன், பரவாயில்லையா?

#11 கணக்குப்பிள்ளை

மூன்றாவதற்கு நான் சொல்கிறேன்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது! இந்தியத் தரைப்படையில் 2004-க்குப் பிறகு உள்ள கணக்குப்படி 2 வருடத்தில் கேப்டன், 6 வருடத்தில் மேஜர், 13 வருடத்தில் லெப்டினன்ட் கர்னல். இதுவரை காலம் ஆனால் ஏறும், பரீட்சையும் தகுதியும் மட்டும் பார்ப்பார்கள். கர்னல் முதல் தேர்வுக் குழுதான். அதில் தேறாதவர் 26 வருட சேவைக்குப் பிறகு காலமுறையில் கர்னல் ஆகலாம், ஆனால் அவருக்கு யூனிட் தலைமை கிடைக்காது. 29 வயதுக்காரர் மேஜராக இருந்தாலே சரி. அமெரிக்காவில் இன்னும் கறார். பதவி உயர்வில் இரண்டு முறை தவறினால் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

போர்க்காலம் என்றால் கதை வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கஸ்டர் என்பவர் 1863-ல் 23 வயதில் பிரிகேடியர் ஜெனரல். போர் முடிந்ததும் லெப்டினன்ட் கர்னலாக இறங்கி, 1876-ல் அந்த ரேங்கில்தான் செத்தார். இரண்டாம் உலகப் போரில் ஐசன்ஹோவர் வட ஆப்பிரிக்காவில் நான்கு நட்சத்திரத்தோடு படை நடத்தியபோது அவருடைய நிரந்தர ரேங்க் லெப்டினன்ட் கர்னல். 1943 ஆகஸ்டில்தான் நிரந்தர மேஜர் ஜெனரல் ஆக்கினார்கள். உங்கள் கற்பனை நாட்டில் போர் நடக்கிறது என்றால், 29 வயதுக்காரருக்குத் தற்காலிக கர்னல் ரேங்க் கொடுத்துக் காப்பாற்றலாம்.

#12 மாஜி ஹவில்தார்

முதல் இரண்டுக்கு நான். ஒரே ரேங்க் என்றால் அந்த ரேங்க் கிடைத்த தேதி. தேதியும் ஒன்று என்றால் அதற்கு முந்தைய ரேங்கின் தேதி, கடைசியில் பயிற்சி முடித்தபோது வாங்கிய தரவரிசை. ஒரே நாளில் பாஸான இருவருக்கும் யார் மூத்தவர் என்று சாகும்வரை தெரியும், மெஸ்ஸில் உட்காரும்போதுகூட. பாதிரியார், டாக்டர் இவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். அமெரிக்கப் படையில் பாதிரியாருக்கு ரேங்க் உண்டு, கட்டளை அதிகாரம் கிடையாது. டாக்டர் மருத்துவமனையை நடத்துவார், சண்டைப் பிரிவை அல்ல.

கர்னல் இல்லாத இரவில் அவருக்கு அடுத்தவர் பொறுப்பு ஏற்பார், அதுவும் எழுத்தில். ஆனால் இரவு 2 மணிக்கு நிஜமாகத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது டியூட்டி அதிகாரி. லெப்டினன்டாகவோ கேப்டனாகவோ இருப்பார், சில இடங்களில் சுபேதாராகவும் இருப்பார். காவலைச் சுற்றிப் பார்ப்பது, ஆயுதக் கிடங்குச் சாவியைச் சரிபார்ப்பது, வந்த செய்தியை யாரை எழுப்பிச் சொல்வது என்று முடிவு செய்வது அவர் வேலை.

அட்ஜுடன்டை மறந்துவிடாதீர்கள், கதைக்கு நல்ல ஆள். பட்டாலியன் தலைவரான சி.ஓ.வுக்கு (கமாண்டிங் ஆஃபீசர்) நிர்வாக உதவியாக இருப்பவர் அவர். பட்டாலியனில் அவர் பெரும்பாலும் கேப்டன். கம்பெனிகளை நடத்துவது மேஜர்கள். கேப்டன் மேஜருக்கு உத்தரவு போட முடியாது. ஆனாலும் சாயங்காலம் போன் வரும்: "சார், காலையில் 6 மணிக்கு உங்கள் கம்பெனியிலிருந்து 20 பேர் வேண்டும், சி.ஓ. சொன்னார்." மேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்பார். 'சார்' என்று தொடங்குவது ரேங்க். 'சி.ஓ. சொன்னார்' என்று முடிவது அதிகாரம். சி.ஓ. உண்மையில் சொன்னாரா என்று கேட்டுப் பார்க்க எந்த மேஜருக்கும் ஆசை இருக்கும். ஒரு முறை கேட்பார், மறுமுறை கேட்க மாட்டார்.

#13 கதைக்காரன்

அப்படியானால் எட்டாம் அத்தியாயம் இப்படி: கர்னல் விடுப்பில். டியூட்டி அதிகாரி ஒரு லெப்டினன்ட், வயது 24. ஜெனரலின் வண்டிகள் வாசலில் நிற்கின்றன. ஜெனரலே இறங்கி வந்து காவலாளியிடம் தடுப்பைத் தூக்கச் சொல்கிறார். எடுபடுமா?

#14 மாஜி ஹவில்தார்

இது பிரமாதம். காவலாளி தூக்க மாட்டான், தூக்கவும் கூடாது. அவனுக்கு உத்தரவு போடுவது காவல் கமாண்டர், அந்த நாயக்கோ ஹவில்தாரோ. அவருக்குப் போடுவது டியூட்டி அதிகாரி. ஜெனரல் கத்தினால் காவலாளி விறைப்பாக நின்று, "சார், காவல் கமாண்டரைக் கூப்பிடுகிறேன்" என்பான், அவ்வளவுதான் அவன் வசனம். துப்பாக்கியைக் கையிலிருந்து விடமாட்டான், யார் கேட்டாலும். உங்கள் லெப்டினன்ட் வேர்த்து விறுவிறுத்து ஓடி வருவார், சல்யூட் அடிப்பார், அடையாள அட்டை கேட்பார். பொறுப்பில் இருக்கும் அதிகாரியை எழுப்புவார். அவர் மேலே பேசுவார். மேலிடத்திலிருந்து செய்தி வந்தால், அனுப்பியவர் பெயரும் எண்ணும் சரிபார்த்துத் தடுப்பைத் தூக்கச் சொல்வார்.

தடுப்பைத் தூக்கிய நேரத்தையும் வண்டி எண்களையும் காவல் பதிவேட்டில் எழுத வைத்துவிடுங்கள், கீழே அந்த லெப்டினன்ட் கையெழுத்தோடு. அடுத்த அத்தியாயத்தில் விசாரணை வருகிறது என்றால் முதலில் கேட்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.